கொதிநீரும் மின்விசிறியும்: வலிகாமத்து மோட்டார் வண்டிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தின் வரலாற்றினை எழுதப் புகுந்தோர் அரசர்களையும் ஆலயங்களையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். நிலவுடைமை, சாதியமைப்பு, மிஷன் கல்வி, புகையிலை வாணிபம் ஆகியன பற்றியும் தரமான ஆய்வுகள் உண்டு. வீதியோரத்து மோட்டார்ப் பட்டறை மட்டும் அவர்தம் கண்ணில் அரிதாகவே பட்டிருக்கின்றது. எண்ணெய்க் கறை படிந்த கைகள் ஏடெழுதுவதில்லை. ஏடெழுதிய கைகளோ பட்டறைக்குள் நுழைந்ததில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தானது தொழில்நுட்ப அறிவு எத்தகையது என்று அறிய விரும்புவோர் அங்கேதான் செல்லுதல் வேண்டும்.

அச்சுவேலி போன்ற ஒரு கமக்காரர் ஊரின் சந்தியில் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகிய வண்டிகள் வாடகைக்கு நின்ற காட்சி நெடுங்காலம் நிலைத்திருந்தது. இவை பெரும்பாலும் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பிரித்தானியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. மொறிஸ் மைனர் முதன்முதல் 1948இல் வெளிவந்தது. கேம்பிறிட்ஜ் வரிசை 1954இல் தொடங்கி 1969இல் முடிவுற்றது. 1960களில் இலங்கைக்கு நேர்ந்த அந்நியச் செலாவணி நெருக்கடி கார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை அக்கட்டுப்பாடு பெரிதும் தளரவில்லை. எனவே வந்து சேர்ந்த வண்டிகளையே பேணிக்கொள்ளும் தேவை எழுந்தது. அத்தேவை தென்னிலங்கைக்கும் பொதுவானதே. ஆனால் 1977இன் பின்னர் தென்னிலங்கை யப்பானிய வண்டிகளுக்கு மாறிச் செல்ல, யாழ்ப்பாணம் போரினால் மீண்டும் பழைய வண்டிகளிடமே திரும்ப நேர்ந்தது. வேறுபாடு இங்கேதான் தொடங்குகின்றது.

இவ்வண்டிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியமைக்கு யாழ்ப்பாணத்தாரின் சிக்கனமே காரணம் என்று வழக்கமாகக் கூறப்படும். இது நுனிப்புல் மேய்ந்தாரது கருத்து. சிக்கனம் ஒரு வண்டியைக் கொட்டிலில் வைத்துப் பாதுகாக்கலாம், வீதியில் ஓட்டாது. ஓட்டியது அறிவு; அதிலும் சிறப்பாக வெப்பம் பற்றிய அறிவு. எரிபொருளில் அடங்கிய சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, உருளைகளின் சுவர்வழியே நீருக்குச் சென்று, றேடியேற்றர் வழியே காற்றிற் கலக்கின்றது. அது கலவாது தங்கினால் நீர் கொதிக்கும், தலைப்பகுதி கோணும், ஆடுதண்டு இறுகும். வெப்பத்தை வெளியேற்றும் வழியைக் காப்பதே பழைய வண்டியைக் காப்பது.

பிரித்தானிய வண்டிகளில் இப்பணியைச் செய்தது எந்திரத்தின் முன்னே பட்டியினால் சுழற்றப்பட்ட விசிறியாகும். நீர்ப்பம்பின் அச்சிலேயே அது பூட்டப்பட்டிருந்தது. எளிமையான ஏற்பாடுதான், ஆனால் அதில் ஓர் அடிப்படை முரண்பாடு உண்டு. வண்டி விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கப் போதும். அப்போது விசிறி மிக வேகமாகச் சுழன்று வலுவை வீணாக்குகின்றது. சந்தையடியிலே, வெங்காய மூடைகளை ஏற்றியபடி, எந்திரம் மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும் வேளையில்தான் காற்று தேவை. அப்போது விசிறி சோம்பிச் சுழலும். இங்கிலாந்தின் குளிருக்கு இக்குறை பெரிதாகப்படவில்லை. வலிகாமத்துச் சித்திரை வெயிலுக்கு அது பெருங்குறை.

மற்றொரு குறை நிலத்தினுள் இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. அச்சுவேலியின் செம்மண்ணுக்குக் கீழேயும் அக்கல்லே. ஆதலின் கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியிற் படியும் வெண்ணிறச் செதிலை ஒவ்வோர் இல்லத்தரசியும் அறிவார். அதே செதில்தான் றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிந்தது. கடலோரக் கிணறுகளின் நிலை இதனினும் மோசமானது. அச்சுவேலிக்கு அயலில் நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் நிற்பதை யாவரும் அறிவர்; இக்குடாநாட்டின் நிலத்தடி நீர் முழுவதற்குமே அது ஒரு சிற்றுருவம். இத்தகைய நீரை ஊற்றி ஓட்டிய வண்டி, சில ஆண்டுகளுள் தன் றேடியேற்றரின் பாதியை இழந்துவிடும். மாரியிற் பிடித்த மழைநீரையே ஊற்ற வேண்டும் என்பது இதனாற் பிறந்த விதி. பூகோளவியலாளர் நிலவரைபடத்தில் காட்டும் உண்மையைப் பட்டறையாளர் பித்தளைக் குழாயைச் சுரண்டிக் கண்டறிந்தார் எனலாம்.

வெப்ப அறிவின் பிறிதொரு ஊற்று கிணற்றடியே. துலா மிதித்து நீரிறைத்த வலிகாமத்துக் கமக்காரர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீரிறைக்கும் எந்திரத்துக்கு மாறினர். சிறிய அவ்வெந்திரங்கள் பெற்றோலினால் உயிர்பெற்று, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடுபவை. எந்நேரத்திலே திறப்பை மாற்றுவது, மாற்றுமுன் எவ்வளவு சூடேறவேண்டும், எவ்வொலி கேட்டால் எந்திரம் இடருறுகின்றது என்பன தோட்டத்துச் சிறுவர்க்கும் தெரிந்திருந்தன. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நீரிறைத்த இவ்வறிவு பின்னாளில் எங்கே பயன்படும் என்பதை அன்று எவரும் எண்ணியிரார்.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறிகள், உதிரிப்பாகங்கள் முதலியன பொருளாதாரத் தடைக்குள்ளாயின. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்பட்ட அளவிலும் மிகுந்த விலையிலும் கிடைத்தது. வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அதன் டைனமோவைச் சுழற்றிய காலம் அது. அப்போதுதான் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபுறேற்றருக்கு ஊட்டி எந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கிணற்றடி முறை அப்படியே வீதிக்கு வந்தது.

பழைய வண்டிகள் இதற்கு இடங்கொடுத்தமைக்குத் தக்க காரணம் உண்டு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. மிகையாக அமுக்கினால் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து எந்திரத்தைத் தட்டும். 1950களின் பிரித்தானிய எந்திரங்கள் கலவையை ஏறத்தாழ 7 மடங்கு மட்டுமே அமுக்கின. அக்காலத்துத் தாழ்ந்த தரப் பெற்றோலுக்கென வகுக்கப்பட்ட அவ்வடக்கமே நாற்பது ஆண்டுகளின் பின் மண்ணெண்ணெய்க்கும் வாய்ப்பாயிற்று. 1977இன் பின் வந்த யப்பானிய வண்டிகளின் அமுக்கம் இதனினும் உயர்ந்தது. மண்ணெண்ணெயை அவை அவ்வளவு எளிதிற் பொறுப்பனவல்ல. புதியது தோற்ற இடத்தில் பழையது நின்றமை பழமையின் பெருமையால் அன்று. வெடிப்பறைக் கொள்ளளவின் ஒரு சாதாரண விகிதத்தால் ஆகும்.

எனினும் அதற்கொரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. எந்திரம் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெய் எரியாது. மிகச் சூடேறினால் தட்டும். எனவே ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள் வண்டியை நிறுத்தவேண்டியதாயிற்று. வெப்பவலய நாடுகளில் வெப்பநிறுத்தி வால்வைத் தேவையற்றதெனக் கழற்றி எறியும் வழக்கம் உண்டு. மண்ணெண்ணெய் அவ்வழக்கத்தின் தவறினை உணர்த்தியது. வெப்பத்தை வெளியேற்றுவது மட்டுமன்று, அளவறிந்து வைத்திருப்பதும் கலையே. அக்காலத்தில் பட்டியாற் சுழலும் விசிறி, தன் குறைகளோடும், ஒரு வரமாகவே இருந்தது. அது பற்றறியைக் கேட்கவில்லை. பற்றறியே கிடையாத ஊரில் மின்விசிறியை நாடுதல் பேதைமை. ஒரு தொழில்நுட்பம் முன்னேறியதா, பின்தங்கியதா என்பதை அது நிற்கும் சமூகத்தின் நிலைகொண்டே மதிப்பிடல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருங்கே பெயர்ந்தபோது நாவற்குழி வழியே நகர்ந்த கூட்டத்தின் நடுவே இவ்வண்டிகளும் இருந்தன. பல நாழிகைகள் நடைவேகத்துக்கும் குறைவாக ஊர்ந்த அவ்வழி, எந்த எந்திரத்தின் குளிர்விப்புக்கும் கொடிய சோதனையாகும். அன்றிரவின் பெருந்துயரத்தில் றேடியேற்றர் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். நோயாளரையும் முதியோரையும் சுமந்த வண்டிக்கு அது சிறிய விடயமன்று.

மின்விசிறி உலகில் எவ்வாறு தோன்றியது என்பதை இனி நோக்கலாம். எந்திரத்தை நெடுக்கே வைத்து, பின் சக்கரங்களை ஓட்டிய காலத்தில் பட்டி விசிறி றேடியேற்றருக்கு நேரெதிரே அமைந்தது. எந்திரத்தைக் குறுக்கே வைத்து முன் சக்கரங்களை ஓட்டும் முறை பரவியபோது, எந்திர அச்சு வண்டியின் பக்கத்தை நோக்கித் திரும்பிவிட்டது. 1959இல் வந்த மினி, றேடியேற்றரையே பக்கவாட்டில் வைத்து இவ்விடரைச் சமாளித்தது. 1969இல் வந்த பியற் 128 வேறு வழி கண்டது: றேடியேற்றரை முன்னேயே வைத்து, வெப்பநிலையை உணர்ந்து தானே இயங்கும் மின்விசிறியொன்றை அதற்குப் பூட்டியது. 1974இன் வொக்ஸ்வாகன் கொல்வ் வண்டியும் இவ்வழியே சென்றது. 1980களில் யப்பானியச் சிறு வண்டிகள் முன்சக்கர ஓட்டத்துக்கு மாறியபோது மின்விசிறி உலகப் பொதுவாயிற்று. இலங்கைக்குப் பெருந்தொகையாக வந்த நிசான் சனியின் பி-11 வகை இவற்றுள் ஒன்று. எந்திரத்தின் வேகத்துக்கு அடிமைப்பட்டிருந்த விசிறி இப்போது வெப்பத்துக்கு மட்டுமே கீழ்ப்படிந்தது. பழைய முரண்பாடு தீர்ந்தது.

தீர்ந்த இடத்திலே புதியதொன்று முளைத்தது. மின்விசிறி ஓடும்போது ஏறத்தாழ 10 அம்பியர் மின்னை உண்ணும். தொடங்கும் கணத்தில் அதன் இருமடங்குக்கும் மேல். இவ்வளவு மின்னை ஓட்டுநரின் முன்னாலுள்ள சிறிய ஆளி வழியே இட்டுச்செல்லல் ஆகாது. நீண்டு சுற்றிவரும் மெல்லிய கம்பியின் தடை 0.2 ஓம் எனக் கொண்டால், 10 அம்பியர் செல்கையில் 2 உவோற்று அக்கம்பியிலேயே தொலையும். 12இல் 2 போனால் விசிறிக்கு 10. தொலைந்த மின் மாயமாவதில்லை. 20 உவாற்று வெப்பமாகக் கம்பியினுள் நிற்கின்றது. வெப்பத்தைப் போக்கப் பூட்டிய கருவி, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே புதியதொரு வெப்பத்தை உண்டாக்குகின்றது! ஆளியின் முனைகள் கருகும். கம்பியின் உறை உருகும். உருகி இடப்படாதிருப்பின் வண்டியே தீப்பற்றவும் கூடும்.

இதற்கான விடை மோட்டார் வண்டியினும் பழையது. 1835ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் யோசேப்பு ஹென்றி, தொலைவிலிருந்து வரும் நலிந்த மின்னோட்டத்தைக்கொண்டு ஒரு மின்காந்தத்தை இயக்கி, அதனால் வலிய வேறொரு சுற்றினைத் திறக்கவும் மூடவும் முடியும் எனக் காட்டினார். மோர்சின் தந்தி முறை இதனைப் பயன்படுத்தித் தொலைவை வென்றது. நெடுந்தொலைவு வந்து களைத்த செய்திக்கு இடைநிலையத்தில் புத்துயிர் ஊட்டும் கருவி என்பதால், தூதுவர் களைத்த குதிரையை விடுத்துப் புதியதில் ஏறும் நிலையத்தின் பெயரே அதற்கும் வந்தது: றிலே. தமிழில் இக்கருத்து புதிதன்று. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் ஓட்டக்காரர் கைமாற்றிச் சென்ற அரச தபால் ‘அஞ்சல்’ எனப்பட்டது. 1951இல் அது இந்தியத் தபாலுடன் இணைந்தது. இலங்கைப் பாடசாலை மைதானங்களில் கோல் கைமாறும் ஓட்டத்தை இன்றும் அஞ்சலோட்டம் என்றே கூறுகின்றனர். இலங்கையில் கொழும்புக்கும் காலிக்குமிடையே 1858இல் தந்தி வந்தது. அத்தந்தி யுகத்தின் கருவியே நூற்றாண்டு கடந்து அச்சுவேலிச் சந்தியில் நிற்கும் காரின் மூடிக்கடியில் வந்தமர்ந்தது.

அதன் அமைப்பு எளிது. உள்ளே ஒரு கம்பிச் சுருளும், அச்சுருள் காந்தமானதும் இழுக்கப்பட்டு ஒட்டும் இரு முனைகளும் உள. சுருளுக்கு வேண்டியது 0.15 அம்பியர் அளவே. மேற்கண்ட அதே மெல்லிய கம்பியில் அது செல்லின் இழப்பு 0.03 உவோற்று, பொருட்படுத்தத் தக்கதன்று. பெரிய மின்னோட்டமோ பற்றறியிலிருந்து ஓர் உருகியினூடாகத் தடித்த குறுங்கம்பி வழியே நேரே விசிறியை அடைகின்றது. யேர்மனிய நியமத்தின்படி பற்றறியின் கம்பி 30ஆம் முனைக்கும், விசிறியின் கம்பி 87ஆம் முனைக்கும், சுருளின் இரு தலைப்புகள் 85, 86 ஆகிய முனைகளுக்கும் செல்லும். பிரித்தானிய லூக்காஸ் நிறுவனத்தின் 6ஆர்ஏ வகையில் அவையே சீ-1, சீ-2, டபிள்யூ-1, டபிள்யூ-2 எனப் பொறிக்கப்பட்டன. சுருளின் ஒரு தலைப்பு எரிபற்று ஆளியிலிருந்து மின்னைப் பெறும். மறுதலைப்பு றேடியேற்றரில் பொருத்திய வெப்ப ஆளியினூடாக உடலோடு சேரும். நீர் ஏறத்தாழ 92 பாகையை அடையும்போது அவ்வாளி மூடும். சில பாகை குறைந்ததும் திறக்கும். கட்டளையிடுவது ஒரு சுற்று, உழைப்பது இன்னொரு சுற்று. இரண்டையும் பிரித்துவைப்பதே றிலேயின் பொருள். (அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் ‘ஆளி’, ‘உருகி’ என்னும் அழகிய சொற்களைத் தந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பட்டறைகளில் சுவிச்சும் பியூசுமே வழங்குகின்றன. குற்றம் பட்டறையினது அன்று. சொல் செய்தோர் அங்கே செல்லாதது குற்றம்.)

இனி, இக்கருவி யாழ்ப்பாணத்துப் பழைய வண்டிக்கு ஏன் தாமதித்து வந்தது? பட்டறையாளர் அறியாமையா? அன்று. அப்பழைய வண்டியினுள்ளேயே ஒரு றிலே முதல்நாளிலிருந்தே இருந்தது. டைனமோவுக்கும் பற்றறிக்கும் இடையே லூக்காஸ் பெட்டியில் அமைந்த ‘கட்-அவுட்’ என்பது மின்காந்தத்தால் மூடித் திறக்கும் இணைப்பேயாகும். டைனமோவின் உவோற்று 13ஐ அண்மிக்கும்போது அது மூடிப் பற்றறியை மின்னேற்றும். குறைந்ததும் திறந்து, பற்றறி பின்வழியே வடியாது காக்கும். அதன் முனைகளை அரத்தாளால் துடைத்து, வில்லை வளைத்து, இடைவெளியைச் சரிசெய்த கைகளுக்கு றிலே புதுமையானதன்று, பெயர்தான் புதிது.

தடை அறிவில் இருக்கவில்லை. மின்னின் வரவு செலவில் இருந்தது. லூக்காஸ் சி-40 டைனமோவின் உச்ச விளைவு 22 அம்பியர். முன்விளக்குகளுக்கு 7, சிறு விளக்குகளுக்கு 2, எரிபற்றுச் சுருளுக்கு 3 அல்லது 4; இவற்றோடு விசிறியின் 10ஐச் சேர்த்தால் கணக்கு முடிந்துவிடுகின்றது. இதனினும் கொடிது, எந்திரம் மெதுவாக ஓடும்போது டைனமோ எதனையும் தருவதில்லை என்பது. மின்விசிறிக்கு அதிக வேலை அவ்வேளையில்தானே! ஆகவே மின்விசிறியை மட்டும் பூட்டியவர் சந்தையடியில் வெப்பத்திலிருந்து தப்பி, வீடு திரும்புகையில் வெறும் பற்றறியோடு நிற்பார். மெதுவோட்டத்திலும் மின் தரும் ஓல்ரனேற்றர் வந்தாலன்றி விசிறி வரலாகாது. ஓல்ரனேற்றர் வந்தால் வண்டியின் புவித்தொடுப்பே மாறவேண்டும்.

இது சற்று விளக்க வேண்டிய செய்தி. மொறிஸ் மைனர், ஏ-40 முதலியவற்றில் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. யப்பானிய வண்டிகளில் எதிர்முனை. யப்பானிய வண்டியொன்றின் ஓல்ரனேற்றரை அப்படியே பழைய மொறிசிற் பூட்டினால் அதனுள்ளிருக்கும் இருவாயிகள் கணத்தில் எரிந்துபோகும். விசிறி எரியாது, ஆனால் நிலைக்காந்த மோட்டாராதலின் எதிர்த்திசையிற் சுழலும். வண்டி நிற்கையில் காற்று முன்னோக்கி வீசும். ஓடுகையில் எதிர்க்காற்றோடு மல்லாடும். விசிறி சுற்றுகின்றது, வண்டியோ கொதிக்கின்றது! இதைக் கண்டு திகைத்து, றேடியேற்றரையும் நீர்ப்பம்பையும் மாற்றிப் பணமிழந்தோர் உளர். ஒரு கடதாசித் துண்டை முன் அளியில் வைத்து, அது ஒட்டுகின்றதா, பறக்கின்றதா என்று பார்ப்பதே போதுமான சோதனை.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது கொழும்பின் பஞ்சிகாவத்தையிற் குவியும் பழைய உதிரிப்பாகங்கள் தரைவழியே வர வாய்ப்பு ஏற்பட்டது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட, அது மீண்டும் நின்றது. 2009இன் பின்னர் நிலைத்தது. பழைய வண்டியில் ஓல்ரனேற்றரும் மின்விசிறியும் றிலேயும் ஒருங்கே அமைவது இக்கட்டத்துக்குரியது. உலகில் 1969இல் நிகழ்ந்த மாற்றம் இங்கு முப்பது நாற்பது ஆண்டுகள் பிந்தி, அதுவும் வேற்று வண்டியின் உறுப்புகளைக் கொண்டு நிகழ்ந்தது. இதனைப் பின்தங்கிய நிலை என்று எழுதிவிடல் எளிது. பியற் 128இன் பொறியியலாளர் வெற்றுத்தாளில் வரைந்தார். வலிகாமத்துப் பட்டறையாளரோ இன்னொருவர் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்து முடித்த வண்டியினுள், அவரது முடிவுகளை ஒவ்வொன்றாக மாற்றிச் செல்லவேண்டியிருந்தது. இரண்டாவது வேலை எளிதானதன்று.

அச்சுவேலிக் கைத்தொழிற் பேட்டை போரினாற் செயலிழந்து, இந்திய அரசின் உதவியோடு 2014இல் மீளத் திறக்கப்பட்டது. அதன் வரலாறு அறிக்கைகளிலே பதிவாகியுள்ளது. பட்டறைகளின் வரலாறு அப்படியன்று. மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்மார் பலர் இன்று முதியோர். அவர்தம் மாணவர் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேறு வேலை பார்க்கின்றனர். 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் தடைசெய்யப்பட்டு 2025 வரை நீடித்தபோது பழைய வண்டிகளின் விலையேறியது. அவற்றைத் திருத்தத் தெரிந்தவரின் தொகை ஏறவில்லை. கேம்பிறிட்ஜ் ஒன்று கலியாண வீட்டுக்கு மாலையிட்டுப் போகும்போது அதன் மூடியைத் திறந்து பார்ப்பவர் எவருமிலர். பார்ப்பாராயின் பித்தளை றேடியேற்றரின் முன்னே யப்பானிய விசிறியும், பக்கத்தகட்டில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டியும், அதனருகே தொழிலற்றுப்போன லூக்காஸ் கட்-அவுட்டும் ஒன்றாகவே இருக்கக் காணலாம். பழையதைக் கழற்றாது விட்டமை, மேலோட்டமாக நோக்குவார்க்குக் கவனக்குறைவாகத் தோன்றும். அதன் முனைகளைக் கம்பிகளின் சந்தியாக இன்னும் பயன்படுத்தியிருப்பது அருகிற் சென்று நோக்கினால்தான் தெரியும்.